காயம் ஆற உதவும் எதிர்மறை அழுத்தச் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

எதிர்மறை அழுத்தச் சிகிச்சை என்பது ஆழமான, பெரிய அல்லது நெடுநாள் ஆறாத காயத்தைக் காற்றுப் புகாதவாறு மூடி, சிறிய கருவி ஒன்றின் துணையால் மெல்லிய உறிஞ்சுவிசையைத் தொடர்ந்து செலுத்தும் முறையாகும். மருத்துவமனைகளில் இதனை 'வேக் டிரஸ்ஸிங்' என்றும் 'மெஷின் கட்டு' என்றும் பேச்சு வழக்கில் கூறுவர். இச்சிகிச்சை காயத்தில் தேங்கும் நீரை வெளியேற்றுகிறது. புதிய தசை வளர்வதற்கு ஏற்ற சூழலையும் அது உருவாக்குகிறது. ஆயினும் இது தனித்து நின்று காயத்தை ஆற்றுவதில்லை. இறந்த திசுவை அகற்றுதல், நோய்த்தொற்றைக் கட்டுப்படுத்துதல், இரத்த ஓட்டத்தைச் சீராக்குதல், சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தல், நல்ல உணவு ஆகியவற்றோடு சேரும்போதுதான் இது பயன் தரும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதிகளில் வாழும் நோயாளிகளையும், வீட்டில் அவர்களைப் பராமரிப்போரையும் கருத்தில் கொண்டு இப்பக்கம் தயாரிக்கப்பட்டுள்ளது. இதில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் காயத்திற்கு இச்சிகிச்சை ஏற்றதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

எத்தகைய காயங்களுக்குப் பயன்படுகிறது?

கீழ்க்காணும் காயங்களுக்கு மருத்துவர்கள் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம்.

- நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண், குறிப்பாக விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ அகற்றிய பின் திறந்து விடப்பட்ட காயம்
- சாலை விபத்திலும் இயந்திர விபத்திலும் தோலும் தசையும் பிய்ந்து போன காயம்
- நெடுநாள் படுத்த படுக்கையாக இருப்போருக்கு இடுப்பிலும் குதிகாலிலும் உண்டாகும் ஆழமான படுக்கைப் புண்
- அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் பிரிந்து திறந்த காயம்
- தோல் ஒட்டு அறுவை செய்த இடம். ஒட்டிய தோல் நகராமல் அடியில் உள்ள தசையோடு பொருந்துவதற்கு
- சில வகைத் தீக்காயங்கள்

சேலம் வழியாகச் செல்லும் பெங்களூரு–கன்னியாகுமரி, சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலைகளில் நிகழும் விபத்துகளில் கால் காயம் பரவலாகக் காணப்படுவது. விசைத்தறி, லாரிக் கூண்டு கட்டும் பட்டறை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி, சேகோ ஆலை ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு இயந்திரக் காயம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. நீரிழிவு உள்ள ஓட்டுநர்கள், செருப்பின்றி வயலில் நடக்கும் விவசாயிகள் ஆகியோர் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் முள் தைத்ததையோ சூடு பட்டதையோ அறியாமல் இருந்துவிடுகின்றனர். வலி இல்லாத காரணத்தால் புண் ஆழமாகும் வரை கவனிக்கப்படாமல் போகிறது. வலியின்மையை நலத்தின் அறிகுறியாக இவர்கள் கருதக்கூடாது.

இச்சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது?

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரச அளவாகும். இச்சிகிச்சையில் காயத்தின் மேல் உள்ள அழுத்தத்தை அதனின்றும் வழக்கமாக 125 மி.மீ. அளவு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, குறைக்கின்றனர். வலி மிகுந்தவர்கள், முதியோர், குழந்தைகள், இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் இதனினும் குறைந்த விசையைத் தேர்ந்தெடுக்கலாம். விசை கூடினால் காயம் விரைவில் ஆறும் என்று எண்ணிக் கருவியின் அளவை மாற்றக்கூடாது.

இந்த மெல்லிய உறிஞ்சுவிசை நான்கு வகையில் உதவுகிறது.

1. காயத்தின் ஓரங்களை நடுப்பகுதியை நோக்கி இழுத்துக் காயத்தின் பரப்பைச் சுருக்குகிறது.
2. கசிந்து தேங்கும் நீரை வெளியேற்றி, சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கிறது.
3. நுரைப்பஞ்சின் நுண்துளைகள் காயத்தின் தரையை இலேசாக இழுப்பதால், உயிரணுக்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. செந்நிறத்தில் சிறுமணிகள் போல் எழும் புதிய தசை இவ்வாறு வளர்கிறது.
4. காயத்தை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்து, வெளித்தூசியும் ஈயும் அணுகாமல் காக்கிறது.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் அர்ஜெண்டா, மைக்கேல் மோரிக்வாஸ் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னரே, 1993-இல், ஜெர்மனியில் ஃபிளைஷ்மன் என்னும் அறுவை மருத்துவரும் குழுவினரும் எலும்பு முறிவோடு கூடிய திறந்த காயங்களுக்கு இதனைப் பயன்படுத்தியிருந்தனர். விலை உயர்ந்த கருவிகள் கிடைக்காத இடங்களில், மருத்துவமனைச் சுவரில் உள்ள உறிஞ்சு குழாயையும் தூய்மைப்படுத்திய நுரைப்பஞ்சையும் கொண்டு இதே தத்துவத்தில் சிகிச்சை அளிக்கும் வழக்கம் இந்திய மருத்துவமனைகளிலும் உள்ளது. அது மருத்துவமனையில், பயிற்சி பெற்றோரின் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது.

கட்டு எவ்வாறு போடப்படுகிறது?

வலி நிவாரணி மருந்து அளித்த பின், காயத்தை உப்பு நீரால் கழுவுவர். கறுத்த, அழுகிய திசு இருந்தால் முதலில் வெட்டி அகற்றுவர். சிலருக்கு இதற்கென அறுவை அரங்கில் மயக்க மருந்து தேவைப்படும். பின்னர்ச் சுற்றியுள்ள தோலை நன்கு உலர்த்தி, காயத்தின் அளவுக்கு வெட்டிய நுரைப்பஞ்சைக் குழியில் வைப்பர். அதன்மேல் ஒளி ஊடுருவும் ஒட்டும் படலத்தை ஓரங்களுக்கு அப்பாலும் பரவுமாறு ஒட்டி, படலத்தில் சிறு துளையிட்டுக் குழாயைப் பொருத்துவர். குழாயின் மறுமுனை கருவியில் உள்ள சேகரிப்புக் கலனோடு இணைக்கப்படும்.

கருவியை இயக்கியதும் பஞ்சு சுருங்கி, உலர்திராட்சை போல் மடிப்பு விழும். கட்டு காற்றுப் புகாமல் அமைந்துள்ளது என்பதற்கு அதுவே அடையாளம். தொடக்கத்தில் சில நிமிடங்கள் இழுப்பதைப் போன்ற உணர்வு இருக்கும், பின்னர்க் குறைந்துவிடும். வலி குறையாமல் கூடினால் செவிலியரிடம் தெரிவிக்கவும்.

கட்டினைப் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுவர். நோய்த்தொற்று உள்ள காயத்திற்கு இதனினும் முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கும். நாள் கடத்தினால் புதிய தசை பஞ்சின் துளைகளுக்குள் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது வலியும் இரத்தக் கசிவும் உண்டாகும். ஆகவே குறித்த நாளில் தவறாமல் வருவது அவசியம்.

உள்ளே வைத்த பஞ்சுத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கட்டின் மேலும் சிகிச்சைக் குறிப்பிலும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை பிரிக்கும்போது அதே எண்ணிக்கை வெளியே எடுக்கப்பட்டதா எனச் சரிபார்ப்பர். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் நோய்த்தொற்று உண்டாகிக் காயம் ஆறாது. ஒரு மருத்துவமனையில் கட்டிய கட்டினை ஊருக்கு அருகில் உள்ள வேறொரு மருத்துவமனையில் மாற்ற நேரிட்டால், இந்த எண்ணிக்கை எழுதப்பட்ட சீட்டைக் கட்டாயம் உடன் கொண்டு செல்லவும்.

சிகிச்சை எத்தனை நாள் நீடிக்கும் என்பது காயத்தைப் பொறுத்தது. தோல் ஒட்டு செய்த இடத்திற்குச் சில நாட்கள் போதும். ஆழமான புண்ணுக்குச் சில வாரங்கள் ஆகலாம். காயம் முழுவதும் மூடும் வரை கருவி தேவைப்படுவதில்லை. குழி நிரம்பிச் சிவந்த தசை எழுந்ததும், தையலிட்டோ தோல் ஒட்டியோ சாதாரணக் கட்டின் மூலமோ மீதியை ஆற்றுவர். தொடர்ந்து இரண்டு வாரங்கள் செய்தும் காயம் சுருங்கவில்லையெனில், சிகிச்சை முறையை மறு ஆய்வு செய்யுமாறு மருத்துவரைக் கேட்கலாம்.

இது எந்த அளவுக்குப் பயன் தருகிறது?

எல்லாக் காயங்களிலும் இதன் பயன் ஒரே அளவில் இல்லை. 2005-இல் லான்செட் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், நீரிழிவினால் பாதத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்ட 162 பேர் பங்கேற்றனர். 16 வாரங்களில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், ஈரக்கட்டு முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் காயம் ஆறியது. அதே வேளையில், நீரிழிவுப் பாதப் புண் குறித்து ஜெர்மனியில் நடத்தப்பெற்று 2020-இல் வெளியான ஆய்வு, வழக்கமான ஈரக்கட்டினைவிட இது மேம்பட்டது என நிறுவவில்லை.

காலில் எலும்பு முறிவோடு கூடிய கடுமையான திறந்த காயமுற்ற 460 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் நோயாளிகளின் இயலாமை அளவில் இரு முறைகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. தையலிட்டு மூடிய அறுவைக் காயங்களைப் பொறுத்தவரை, நோய்த்தொற்று அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டும், கிடைக்கும் வசதிகளையும் கருத்தில் கொண்டு இதனைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது.

இதிலிருந்து நோயாளிகள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கருவி கிடைக்கவில்லை என்பதனால் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று பொருளல்ல. முறையாகச் சுத்தம் செய்து, அழுத்தம் படாமல் பாதுகாத்து, நாள்தோறும் நன்கு கட்டப்படும் சாதாரணக் கட்டும் பல காயங்களை ஆற்றுகிறது. கருவிக்காகக் கடன் வாங்கும் முன், அது உங்கள் காயத்திற்கு அவசியமா என மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

யாருக்கு இச்சிகிச்சை கூடாது?

- காயத்தில் புற்றுநோய் இருந்தால்
- கறுத்துக் காய்ந்த அல்லது அழுகிய திசு அகற்றப்படாமல் இருந்தால்
- எலும்பில் நோய்த்தொற்று இருந்து அதற்குச் சிகிச்சை தொடங்கப்படாவிட்டால்
- இரத்தக் குழாய், நரம்பு, உள்ளுறுப்பு ஆகியவை காயத்தில் மூடப்படாமல் தெரிந்தால்
- காயத்திலிருந்து உள்ளுறுப்புக்குச் செல்லும் புரைவழி எங்கு முடிகிறது என்று கண்டறியப்படாமல் இருந்தால்

காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் முதலில் அதற்குரிய பரிசோதனையும் சிகிச்சையும் தேவை. இரத்த ஓட்டம் இல்லாத காலில் உறிஞ்சுவிசை புதிய தசையை வளர்க்காது. திசு மேலும் பாதிக்கப்படவும் கூடும்.

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கு இச்சிகிச்சையில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். இதயநோய்க்காகவோ பக்கவாதத்திற்காகவோ ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொண்டால், மருந்துச் சீட்டினை மருத்துவரிடம் காட்டவும். அம்மருந்துகளை நீங்களாகவே நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்படலாம்.

இரத்தக் கசிவு: உடனடியாகச் செய்ய வேண்டியவை

இச்சிகிச்சையின் மிகக் கடுமையான ஆபத்து இரத்தக் கசிவு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இலும் 2011-இலும் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. 2011 வரையிலான நான்கு ஆண்டுகளில் 12 இறப்புகள் அதற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ நிகழ்ந்தவை. உறிஞ்சுகருவி இயங்கிக்கொண்டே இருந்தால் வெளியேறும் இரத்தத்தின் அளவு விரைவில் கூடிவிடும் என்பதால் பராமரிப்பாளர் தயங்காமல் செயல்பட வேண்டும்.

முதல் நாளில் கலனில் இளஞ்சிவப்பு நிற நீர் சேர்வது இயல்பு. ஆனால் குழாயிலோ கலனிலோ பளிச்சென்ற சிவப்பு இரத்தம் திடீரெனத் தோன்றினால்:

1. கருவியை உடனே நிறுத்தவும்.
2. கட்டினைப் பிரிக்க வேண்டாம்; அது இருந்தவாறே இருக்கட்டும்.
3. கட்டின் மேல் தூய துணியை வைத்துக் கையால் விடாமல் அழுத்தவும். காலாயின் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தவும்.
4. 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.
5. உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டை உடன் எடுத்துச் செல்லவும்.

இந்த ஐந்து குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதிக் கருவிக்கு அருகில் ஒட்டி வைக்கவும். இரவில் துணையிருப்பவர் உட்பட வீட்டில் உள்ள அனைவரும், கருவியை நிறுத்தும் பொத்தான் எது என்பதை மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

வீட்டில் கருவியுடன் இருக்கும்போது

சிலருக்குக் கையடக்கக் கருவியோடு வீடு திரும்ப அனுமதி கிடைக்கும். அப்போது கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்.

மின்சாரம்: கருவி நாள் முழுவதும் இயங்க வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்திற்கு மேல் நின்றிருக்கக்கூடாது. நின்றுபோன கருவியின் கீழ் மூடிய பஞ்சு, கிருமி பெருகும் இடமாகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக அறிவிக்கப்படும் மின்தடை காலை முதல் மாலை வரை நீளக்கூடும். எனவே மின்தடை நாளை முன்கூட்டியே அறிந்து, முந்தைய இரவே மின்கலத்தை முழுமையாக நிரப்பி வைக்கவும். மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளவும். கருவி நின்ற நேரத்தைக் குறித்து வைக்கவும். 2 மணி நேரத்தைக் கடந்துவிட்டால் மருத்துவமனையைத் தொடர்புகொண்டு, கட்டினை அகற்றி உப்புநீர்த் துணிக்கட்டு போட ஏற்பாடு செய்யவும்.

வியர்வையும் காற்றுக்கசிவும்: கோடைக்காலத்தில் வியர்வையினால் ஒட்டும் படலம் விளிம்பில் பிரியக்கூடும். 'உஸ்' என்னும் ஒலியோ, கருவியின் எச்சரிக்கை ஒலியோ கேட்டால், படலத்தின் ஓரங்களை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கவும். பிரிந்த இடத்தை உலர்த்தி, மருத்துவமனையில் கொடுத்த கூடுதல் படலத்தை அதன்மேல் ஒட்டவும். சாதாரண ஒட்டுநாடாவைப் பயன்படுத்த வேண்டாம். சுருங்கியிருந்த பஞ்சு உப்பிவிட்டால் உறிஞ்சுவிசை இல்லை என்று பொருள்.

குழாயும் கலனும்: குழாய் மடங்காமலும் உடலின் அடியில் சிக்காமலும் பார்த்துக்கொள்ளவும். குழாயின் மேல் படுத்தால் புதிய அழுத்தப் புண் உண்டாகலாம். கலன் நிரம்பியதும் மாற்ற வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய கலனைக் கழுவி மீண்டும் பயன்படுத்தக்கூடாது. குப்பையிலோ சாக்கடையிலோ போடாமல் மருத்துவமனையில் ஒப்படைக்கவும்.

குளியல்: ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வது பாதுகாப்பானது. கட்டும் கருவியும் நனையக்கூடாது. கருவியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவவும்.

நடமாட்டம்: பாதப்புண் உள்ளவர்கள் அந்தக் காலை ஊன்றக்கூடாது. ஊன்றுகோல், நடைச்சட்டம், மருத்துவர் அளிக்கும் சிறப்புக் காலணி ஆகியவற்றைப் பயன்படுத்தவும். ஒரு நாளில் பலமுறை காலை ஊன்றினால், கருவி எழுப்பிய புதிய தசை நசுங்கிவிடும். படுக்கைப் புண் உள்ளவர்களை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும். கட்டு இருக்கும் காலத்தில் கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகை, ஈர வயல், தூசி நிறைந்த பட்டறை ஆகிய இடங்களுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்.

பிற பரிசோதனைகள்: எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், கருவி பொருத்தப்பட்டிருப்பதை முன்னரே தெரிவிக்கவும். கருவியை அந்த அறைக்குள் கொண்டு செல்லக்கூடாது.

உணவும் சர்க்கரைக் கட்டுப்பாடும்

காயத்தில் வெளியேறும் நீரோடு புரதமும் வெளியேறுகிறது. அதனை ஈடு செய்யாவிட்டால் புதிய தசை வளராது. முட்டை, பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, தயிர், மீன், கோழி இறைச்சி ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொள்ளவும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. நாமக்கல் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் இவ்வுணவைப் 'புண்ணில் சீழ் பிடிக்கும்' என அஞ்சி ஒதுக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அதற்கு ஆதாரம் இல்லை. சீழ் பிடிப்பது கிருமியினால், முட்டையினால் அல்ல.

உடல் நலம் குன்றியவர்களுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கும் வழக்கமும் பரவலாக உள்ளது. ஜவ்வரிசி பெரும்பாலும் மாவுச்சத்தே; புரதம் மிகவும் குறைவு. நீரிழிவு நோயாளிகளுக்கு அது சர்க்கரை அளவையும் விரைவில் உயர்த்தும். எனவே அதனை முதன்மை உணவாகக் கொள்ள வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்ட பின்னரே முடிவு செய்யவும்.

சர்க்கரையின் அளவு உயர்ந்திருந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறையும். மாத்திரை உட்கொள்பவருக்குக் காயம் ஆறும் வரை இன்சுலின் தேவைப்படலாம். இன்சுலின் தொடங்குவது நோய் முற்றிவிட்டதைக் குறிப்பதன்று. பீடி, சிகரெட், புகையிலை ஆகியவை இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்திற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கின்றன. அவற்றை முற்றிலும் நிறுத்தவும்.

செய்யக்கூடாதவை

- காயத்தில் மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், சாணம், பச்சிலைச் சாறு ஆகியவற்றை வைக்க வேண்டாம். இவற்றால் நோய்த்தொற்றும், மண்ணோடு கலந்தவற்றால் தசைவிறைப்பு ஜன்னியும் உண்டாகலாம்.
- கட்டினை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம்.
- வலி குறைந்ததும் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்த வேண்டாம்.
- எச்சரிக்கை ஒலி தொந்தரவாக உள்ளது எனக் கருவியை இரவில் நிறுத்த வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

- காய்ச்சல், குளிர் நடுக்கம், மனக்குழப்பம்
- காயத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம் அல்லது சூடு பரவுதல்
- கட்டிலிருந்து துர்நாற்றம். கலனில் சீழ் போன்ற கெட்டியான நீர்
- வலி திடீரெனக் கூடுதல்
- விரல்கள் குளிர்ந்து நீலமாகவோ கருமையாகவோ மாறுதல்
- படலத்தின் கீழ் உள்ள தோலில் கொப்புளம், அரிப்பு அல்லது புண்
- வயிற்றுக் காயமாயின், கலனில் மலம் அல்லது பித்தம் போன்ற நிறம்

சிகிச்சை பெறும் இடங்களும் அரசுத் திட்டங்களும்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இவ்விரு மாவட்டங்களின் உயர்நிலை அரசு மருத்துவமனைகளாகும். நாமக்கல் மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் தொடங்கி வைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. ஆறாத காயம் உள்ளவர்கள் அங்குள்ள அறுவை சிகிச்சைத் துறையின் புறநோயாளிகள் பிரிவை அணுகலாம். முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்ட அரசு மருத்துவமனையிலோ காயத்தைக் காட்டிப் பரிந்துரைச் சீட்டுடன் செல்வது நல்லது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். காப்பீட்டு அட்டை இருந்தால், இச்சிகிச்சைக்கும் அதனோடு சேர்ந்த அறுவைக்கும் அனுமதி பெற இயலுமா என மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் சேரும் நாளிலேயே விசாரிக்கவும். கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993.

சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளிலும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரத்தில் கட்டணமின்றி அவசர சிகிச்சை அளிக்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிற்கே கொண்டு வந்து தருகின்றனர். படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு இயன்முறை மற்றும் வலி தணிப்புச் சேவைகளும் இத்திட்டத்தில் உண்டு. உங்கள் வீட்டில் ஆறாத புண் உள்ளவர் இருந்தால் அவர்களிடம் தெரிவிக்கவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

- என் காயத்திற்கு இச்சிகிச்சை ஏன் தேவை? சாதாரணக் கட்டு போதாதா?
- காலின் இரத்த ஓட்டம் பரிசோதிக்கப்பட்டதா? எலும்பில் தொற்று உள்ளதா?
- என்ன அளவு அழுத்தம்? எத்தனை நாட்கள்? அடுத்த கட்டு எப்போது, எங்கே?
- காயத்தில் எத்தனை பஞ்சுத் துண்டுகள் வைக்கப்பட்டுள்ளன?
- காயம் சுருங்குகிறதா என்பதை எவ்வாறு அளவிடுகிறீர்கள்?
- இரவில் சிக்கல் நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும்?

காயம் ஆறிய பின்

ஆறிய இடத்தில் உள்ள தோல் பழைய வலிமையை முழுமையாகப் பெறுவதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பார்வை குறைந்தவர்களுக்குக் குடும்பத்தினர் பார்த்துச் சொல்லலாம். வீட்டிற்குள்ளும் செருப்பு அணியவும். நீண்ட தொலைவு வாகனம் ஓட்டுவோர், வண்டியை நிறுத்தும் இடங்களில் காலணியைக் கழற்றிப் பாதத்தைச் சரிபார்க்கவும். கொப்புளம், நிறமாற்றம், சிறு வெட்டு எதுவாயினும் மறுநாளே மருத்துவரிடம் காட்டவும். சிறிய புண்ணாக இருக்கும்போது வந்தால் சாதாரணக் கட்டிலேயே ஆறும். காலம் தாழ்த்தினால் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர உதவிக்கு 108 என்ற எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.